நானூறு துறைகளில் ஒரு காதல்: கோவை நூல்களின் கதைப்பின்னல்

ஒரு காதல் கதையை எந்த இடத்தில் தொடங்குவது, எத்தனை தடைகளை இடையில் வைப்பது, உணர்ச்சி எங்கெங்கே திரும்ப வேண்டும், எதைக் கதையின் முடிவு என்று கொள்வது ஆகிய கேள்விகளுக்குத் தமிழில் நாவல் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இலக்கண நூலார் விடை வகுத்துவிட்டனர். அந்த விடைகள் யாவும் ஒன்றுசேர்ந்து நூலுருப் பெற்ற இலக்கிய வகை கோவை எனப்படும். முன்பின் அறியாத ஒருவனும் ஒருத்தியும் தற்செயலாகச் சந்திப்பதில் தொடங்கி, அவர்களது மறைவான காதல், பிரிவு, திருமணம், இல்வாழ்க்கையில் நேரும் ஊடல் வரையிலான நிகழ்ச்சிகளைக் கட்டளைக் கலித்துறை என்னும் நான்கடிப் பாவினத்தில் ஏறத்தாழ நானூறு பாடல்களாகத் தொடுத்துக் கூறுவது அதன் இலக்கணம். ஒவ்வொரு பாடலும் கதைமாந்தருள் ஒருவர் ஒரு குறிப்பிட்ட சூழலில் பேசும் பேச்சு. அச்சூழலுக்குத் துறை அல்லது கிளவி என்று பெயர். புலவர் தம் குரலில் கதை சொல்வதற்கு இவ்வகையில் இடமே இல்லை என்பதால், கதை முழுவதும் பேச்சுகளின் வரிசையாலேயே நகர வேண்டும்.

இவ்வமைப்பின் வேர் தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் இருக்கிறது. அகத்திணை ஒழுக்கத்தைப் புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் நிலமும் பொழுதும் கருப்பொருளும் வகுத்த அந்நூல், திருமணத்துக்கு முன் பிறர் அறியாமல் நிகழும் காதலைக் களவு என்றும், மணத்துக்குப் பின் உள்ள வாழ்க்கையைக் கற்பு என்றும் இரண்டாகப் பிரித்தது. யார் யாரிடம் எப்போது பேசலாம் என்பதையும், காதல் முற்றும்போது வேட்கை தொடங்கி இடைவிடாது நினைத்தல், உடல் மெலிதல், நாணத்தின் எல்லையைக் கடத்தல், காண்பன எல்லாம் காதலித்தவர் போலவே தோன்றுதல் எனச் சாக்காடு வரை உள்ளம் செல்லும் படிகளையும் அது வரிசைப்படுத்தியது. ஐந்திணைக் காதலரை இயற்பெயரால் சுட்டக் கூடாது என்பதும் அதன் விதி. பெயர் இல்லாததால் அவர்கள் யாராகவும் இருக்க முடிந்தது என்று இவ்விதியைப் போற்றுவது வழக்கம்; ஆனால் ஏவல் செய்வோருக்கும் பிறர்க்கு உழைப்போருக்கும் ஐந்திணைக்குப் புறத்தே, ஒருதலைக் காமமான கைக்கிளையிலும் பொருந்தாக் காமமான பெருந்திணையிலும் மட்டுமே இடம் கொடுத்த நூலும் இதுவே என்பதால், அந்த ‘யாராகவும்’ என்பதற்கு ஓர் எல்லை இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

சங்கத் தொகைகளில் இந்த இலக்கணம் இருந்தும் கதைத்தொடர் இல்லை. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகியவற்றின் பாடல்கள் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் ஒற்றைக் கணங்கள். அக்கணத்துக்கு முன் நடந்ததையும் பின் நடக்கப் போவதையும் படிப்பவர் தாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஒரே சூழலைச் சேர்ந்த பாடல்களைப் பத்துப் பத்தாக அடுக்கிய ஐங்குறுநூற்றில், உடன்போன மகளை எண்ணித் தாய் புலம்பும் பத்து, சென்றவர் திரும்பி வரும் மறுதரவுப் பத்து என ஓரளவு தொடர்ச்சி தலைகாட்டுகிறது. திருக்குறளின் காமத்துப்பால் இன்னும் ஓர் அடி முன்னே சென்று, 25 அதிகாரங்களில் முதல் ஏழைக் களவுக்கும் எஞ்சிய பதினெட்டைக் கற்புக்கும் ஒதுக்கி, முதற்காட்சியின் மயக்கத்தில் தொடங்கி ஊடலின் உவகையில் முடிகிறது. எனினும் நூறு பாடல்கள் தாண்டியும் ஒரே தலைவனையும் தலைவியையும் பின்தொடர்வது என்ற எண்ணம் முழுமையாக உருப்பெறுவதற்கு இறையனார் களவியலும் அதன் உரையும் தேவைப்பட்டன.

இறையனார் களவியல் 60 நூற்பாக்களே கொண்ட சிறுநூல். பாண்டிநாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் நீங்கியபின் அரசன் புலவர்களை மீண்டும் அழைத்தபோது எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர், பொருளதிகாரம் வல்லார் கிடைக்கவில்லை என்றும், அரசனின் கவலை தீர ஆலவாய்க் கடவுளே செப்பேடுகளில் இந்நூலை எழுதி வைத்தார் என்றும் அதன் உரை கூறும். உரையின் வரலாற்று மதிப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் காதலின் இலக்கணம் தெரியாத நாட்டில் எழுத்தும் சொல்லும் எதற்கு என்று ஓர் அரசன் வருந்தியதாகக் கதை கட்டத் துணிந்த ஒரு கல்வி மரபு அங்கே இருந்தது என்பது உறுதி. களவு இரண்டு திங்களுக்கு மேல் நீளக் கூடாது என்று இந்நூல் விதித்த கால எல்லை, கதைப்பின்னலின் நோக்கில் மிக முக்கியமானது. தொல்காப்பியம் கல்விக்காகப் பிரிவோர் மூன்று ஆண்டுக்குள்ளும், வேந்தனுக்காகப் பிரிவோர் ஓராண்டுக்குள்ளும் திரும்ப வேண்டும் என்று கூறியதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், காத்திருத்தலுக்கு ஒரு கெடு இருந்தால்தான் அதில் பதற்றம் பிறக்கும் என்பதை இலக்கணிகள் அறிந்திருந்தனர் என்று கொள்ளலாம்.

அவ்வுரையாசிரியர் ஒவ்வொரு சூழலையும் விளக்கி, அதற்கு எடுத்துக்காட்டாகப் பாண்டிக்கோவை என்னும் நூலின் பாடல்களை அடுக்கிச் செல்கிறார். நெல்வேலி முதலிய போர்களில் வென்ற 7ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறனைப் புகழும் அந்நூல் தனியே முழுமையாகக் கிடைக்கவில்லை. உரையில் மேற்கோளாக நின்ற முந்நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டே அது மீட்கப்பட்டது. காதலரின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற பழைய விதிக்கும், நூலைப் பாடுவித்த புரவலரின் பெயரைச் சொல்லியாக வேண்டிய தேவைக்கும் இடையே இருந்த முரணை இக்கோவை ஓர் ஏற்பாட்டால் தீர்த்தது. கதையில் பேசும் காதலன் கிளவித் தலைவன், அவனுக்குப் பெயரில்லை. அவன் பேச்சினூடே ‘இன்னாருடைய மலை’, ‘இன்னாருடைய பகைவர் போல’ என்று உவமையிலும் அடைமொழியிலும் புகழப்படுபவன் பாட்டுடைத் தலைவன்; அவனுக்குக் கதையில் வேலையில்லை. இந்த இரட்டைத் தலைவர் முறை பின்வந்த எல்லாக் கோவைகளுக்கும் பொதுவாயிற்று.

முழுமையாகக் கிடைக்கும் கோவைகளுள் தலையாயது திருக்கோவையார் என்றும் வழங்கும் மாணிக்கவாசகரின் திருச்சிற்றம்பலக் கோவையார். சைவர்கள் எட்டாம் திருமுறையில் சேர்த்துப் போற்றும் இந்நூலில் பாட்டுடைத் தலைவன் தில்லைக் கூத்தன். எனவே தலைவனை உயிராகவும் தலைவியைச் சிவமாகவும் கொள்ளும் தத்துவ விளக்கங்கள் பிற்காலத்தில் பெருகின. ஆனால் அதற்குப் பழைய உரை வகுத்த பேராசிரியர், அகப்பொருள் இலக்கணத்தை முதன்மையாகக் கொண்டே துறைகளை விளக்குகிறார். ஒவ்வொரு பாடலுக்கும் கொளு எனப்படும் ஒரு சிறு குறிப்புச் செய்யுள் உண்டு. யார், யாரிடம், எந்த நிலையில் பேசினார் என்பதை அது சுருங்கச் சொல்லும். பாடல்களை விட்டுவிட்டுக் கொளுக்களை மட்டும் வரிசையாகப் படித்தாலே கதை விளங்கிவிடும். நாவலாசிரியர் எழுதத் தொடங்குமுன் தமக்கெனக் குறித்து வைத்துக்கொள்ளும் கதைச்சுருக்கத்தின் வேலையை இக்கொளுக்கள் நூலுக்குள்ளேயே இருந்து செய்கின்றன.

இந்நூலின் 400 பாடல்களும் 25 அதிகாரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அளவே ஆசிரியரின் கவனம் எங்கெங்கே தங்கியது என்பதைக் காட்டும். முதற்சந்திப்பான இயற்கைப் புணர்ச்சிக்கு 18 பாடல்கள். தோழன் துணையோடு மீண்டும் கூடும் பாங்கற் கூட்டத்துக்கு 30. தோழி தலைவனை விலக்கி நிறுத்தும் சேட்படைக்கு 26. பகற்குறிக்கு 32, இரவுக்குறிக்கு 33. ஊரைவிட்டு இருவரும் வெளியேறும் உடன்போக்குக்கு 56. மணப்பொருள் தேடிப் பிரியும் வரைபொருட் பிரிதலுக்கு 33. திருமணத்தின் சிறப்பைச் சொல்வதற்கோ ஒன்பதே. உணர்ச்சியின் கனம் மணவிழாவில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இக்கதையை நகர்த்தும் விசை எது என்று கேட்டால், வீரச்செயலோ வில்லனின் சூழ்ச்சியோ காதலருக்கிடையே தோன்றும் தவறான புரிதலோ விடையாகாது. கோவையில் கதை நகர்வது ஓர் இரகசியம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்வதால். இருவர் மட்டும் அறிந்த செய்தியை மூன்றாமவர் அறியும்போது ஒரு திருப்பம், நான்காமவர் அறியும்போது இன்னொரு திருப்பம் என, ஒவ்வொரு புது அறிவும் காதலரின் நிலையை மாற்றிவிடுகிறது. முன்பு செய்ய முடிந்தது இனி முடியாமற் போகிறது, முன்பு முடியாதது இப்போது கைகூடுகிறது. திருக்கோவையாரின் அதிகாரப் பெயர்கள் சிலவற்றில் உணர்தல் என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருவது தற்செயலன்று.

முதல் திருப்பம் காட்சியைத் தொடர்ந்த ஐயத்தில் பிறக்கிறது. தினைப்புனத்தருகே தான் கண்டவள் தெய்வமகளோ மானிடப் பெண்ணோ என்று தலைவன் ஐயுற்று, அவள் சூடிய மாலை வாடுவதையும் கண் இமைப்பதையும் கால் நிலத்தில் தோய்வதையும் கண்டு தெளிகிறான். குறைபாடுகளே இங்கே காதலுக்கு வழிவிடுகின்றன என்பது கவனிக்கத் தக்கது. அடுத்து, அவனது வாட்டத்தைக் கண்ட பாங்கன், அதாவது உற்ற தோழன், ஒரு பெண்ணுக்காகவா இப்படி நிலைகலங்கினாய் என்று இடித்துரைக்கிறான். கழறல் என்பது இதன் பெயர். தலைவன் சொன்ன இடத்துக்குப் பாங்கன் தானே சென்று அவளைக் கண்டபின், கண்டித்தவனே தூதனாகிறான்.

ஆனால் பாங்கன் அறிந்ததால் அதிகம் எதுவும் மாறிவிடுவதில்லை. கதையின் உண்மையான வாயில் தோழி. தலைவன் ஏதோ ஒரு சாக்கை வைத்துக்கொண்டு, அம்பு தைத்த யானை இப்பக்கம் வந்ததா, உங்கள் ஊர் எது என்று வினவிக்கொண்டு இருவரும் இருக்கும் புனத்துக்கு வருவதும், வேட்டைக்கு வந்தவன் கையில் அதற்கான கருவி இல்லையே என்று தோழி நோட்டமிடுவதும் மதியுடம்படுத்தல் என்னும் பகுதி. அவள் உடனே கேட்டுவிடுவதில்லை. ஊகித்ததை உறுதிசெய்துகொள்ள இருவகைச் சோதனைகளை நடத்துகிறாள். மணமாகாத பெண்கள் வழக்கமாகத் தொழும் பிறையைத் தொழுமாறு தலைவியை அழைத்து, அவள் தயங்குகிறாளா என்று பார்ப்பது நாண நாட்டம். புலியால் ஒருவனுக்கு ஆபத்து நேர்ந்ததைப் போலப் பேசி, தலைவி நடுங்குகிறாளா என்று பார்ப்பது நடுங்க நாட்டம். வெட்கத்தையும் அச்சத்தையும் கருவியாகக் கொண்டு ஓர் உண்மையை வெளிக்கொணரும் இந்நுட்பம், ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட நூலில் இவ்வளவு திட்டமிட்டு அமைந்திருப்பது வியப்புக்குரியது. நடுங்க நாட்டத்துக்கு மாணிக்கவாசகர் ஒரே ஒரு பாடல்தான் கொடுத்தார். நடுங்க வைப்பதை நீட்டித்தால் தோழி கொடியவளாகிவிடுவாள்.

உண்மையை அறிந்த தோழி உடனே உதவுவதில்லை என்பதே அடுத்த தடை. தலைவன் கையுறையாக, அதாவது காதற்பரிசாக, கொண்டுவந்த தழையாடையை இது எங்கள் மலையில் இல்லாத தழை, இதை உடுத்தினால் வீட்டார் ஐயுறுவர் என்று மறுப்பதும், இன்று வேண்டாம் நாளை வா என்பதும் சேட்படையின் துறைகள். இங்கேதான் தலைவன் மடலேறுவேன் என்கிறான். பனைமடலால் குதிரை போல் ஓர் உருவம் செய்து, எருக்கம்பூ மாலை சூடி, காதலியின் உருவம் தீட்டிய படத்தைக் கையிலேந்தி ஊர்த்தெருவில் ஊர்ந்து, தன் மானத்தையும் அவள் குடும்பத்தின் பெயரையும் ஒருங்கே பணயம் வைக்கும் செயல் அது. இலக்கணம் இதில் காட்டும் நுட்பம் பெரிது. மடலேறுவேன் என்று சொல்வது களவுக்குள் அடங்கும். உண்மையில் ஏறிவிட்டாலோ அது பொருந்தாக் காமமான பெருந்திணைக்குப் போய்விடும். அச்சுறுத்தல் கதைக்குள் இருக்கலாம், அதை நிறைவேற்றினால் கதை வேறாகிவிடும் என்ற இந்த வரையறை, உணர்ச்சியின் உச்சத்தை நிகழ்ச்சியில் தேடாமல் நிகழ்ச்சிக்கு ஓர் அடி முன்னால் நிறுத்தியது. பெண் மடலேறுவதாகப் பேசுவது தமிழ் வழக்கன்று என்ற மரபையும் மீறித் திருமங்கையாழ்வார் தம் சிறிய திருமடலிலும் பெரிய திருமடலிலும் நாயகி நிலையில் நின்று பாடினார். அம்மீறல் பக்தியின் உரிமையாக ஏற்கப்பட்டதேயன்றிக் கோவையின் இலக்கணத்தை மாற்றவில்லை.

தோழி இசைந்தபின் பகற்குறி, அதாவது பகலில் குறித்த இடத்தில் சந்திப்பது, தொடங்குகிறது. தினைப்புனத்தில் கிளியோட்டும் காவலே காதலருக்குச் சந்திக்கும் வாய்ப்பு; ஆகவே கதிர் முற்றுவது அவர்களுக்குக் கேடு. தினை கொய்யப்பட்டதும் காவல் முடிந்து தலைவி வீட்டுக்குள் நிறுத்தப்படுகிறாள். இதை இற்செறிப்பு என்பர். மழையும் வெயிலும் தத்தம் போக்கில் வேளாண்மையை விளைவிக்க, அவ்விளைச்சலே காதலுக்குத் தடையாக வந்து நிற்பதால், கதையில் யாரும் தீயவராக இருக்க வேண்டிய தேவையே எழவில்லை. பின் இரவுக்குறி. காவலர் விழித்திருப்பர், நாய் குரைக்கும், நிலவு காட்டிக்கொடுக்கும், தாய் உறங்கமாட்டாள். தலைவன் செய்யும் ஒலிக்குறியை ஒத்த ஓசை வேறொன்றால் எழ, வந்து பார்த்துத் தலைவி ஏமாந்து திரும்பும் அல்லகுறியும் நேரும். யானையும் பாம்பும் திரியும் மலைவழியே நள்ளிரவில் அவன் வருவதை எண்ணித் தலைவி அஞ்சத் தொடங்குவது இங்கே நிகழும் உள்மாற்றம். வா என்று விரும்பிய மனமே வராதே என்று வேண்டுகிறது. அவ்வேண்டுதல் மணந்துகொள் என்பதாக முதிர்கிறது. அதற்கு வரைவு கடாதல் என்று பெயர். சமூகம் கட்டாயப்படுத்துவதால் மட்டுமன்றி, அன்பே அச்சமாக மாறுவதாலும் களவு மணத்தை நோக்கித் திரும்புகிறது என்று காட்டிய இடம் கோவைப் புலவர்களின் தனிச்சிறப்பு.

அதற்கிடையே ஊர் பேசத் தொடங்கிவிடுகிறது. அரைகுறையாக முணுமுணுப்பது அம்பல், வெளிப்படையாகப் பரவுவது அலர். மகள் மெலிவதைக் கண்ட தாய் கட்டுவிச்சியிடம் குறி கேட்க, முருகன் அணங்கினான் என்று அவள் சொல்ல, வேலன் வெறியாட்டுக்கு ஏற்பாடாகிறது. நோய்க்குக் காரணம் முருகனல்லன் என்று தலைவிக்கும் தோழிக்கும் தெரியும், படிப்பவர்க்கும் தெரியும். தாய்க்கு மட்டும் தெரியாது. வெறியாட்டைத் தடுக்க உண்மையைச் சொல்லியாக வேண்டிய இந்நெருக்கடியில்தான் அறத்தொடு நிற்றல் வருகிறது. தலைவி தோழிக்கும், தோழி வளர்ப்புத் தாயான செவிலிக்கும், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கும் செய்தியை முறையே உணர்த்துவது அது. தொல்காப்பியம் இவ்வாறு உணர்த்தும் வழிகளை எளித்தல், ஏத்தல், வேட்கை உரைத்தல் முதலாக ஏழு என்று எண்ணும். ஆற்றுவெள்ளத்திலிருந்து ஒருவன் அவளைக் காத்தான், களிற்றிடமிருந்து காத்தான், அவள் விரும்பிய பூவைப் பறித்துத் தந்தான், ஆகவே அவனுக்கே அவள் உரியவள் என்று தோழி நிகழ்ச்சியைச் சொல்லும் புனல்தரு புணர்ச்சி, களிறுதரு புணர்ச்சி, பூத்தரு புணர்ச்சி என்னும் உத்திகள் பிற்கால நூல்களில் விரிவாக வளர்ந்தன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகள் முழுவதையும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் ஒரே பேச்சாக அமைத்தது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியதென்று அதன் பழங்குறிப்புக் கூறுவதால், தமிழ்க் காதல் கதையின் சாரமாக எதைக் காட்டுவது என்ற கேள்விக்கு இத்திருப்பமே விடையாகக் கருதப்பட்டது எனலாம். தந்தையும் தமையன்மாரும் எவரும் வாய்விட்டுச் சொல்லாமல் குறிப்பாலேயே உணர்வர் என்று தொல்காப்பியம் விதித்திருப்பது இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி. வாள் உள்ளவரிடம் செய்தி கடைசியில்தான் செல்ல வேண்டும், அதுவும் சொல்லாகச் செல்லக் கூடாது.

உடன்போக்கு கோவையின் மிக நீண்ட பகுதியாக அமைந்ததற்குக் காரணம், அதில் பேசுவோர் பலர் என்பதே. தோழியின் இசைவு, தலைவியின் தயக்கம், பாலை வழி, பின்னே செவிலியின் தேடல், வழியில் எதிர்ப்படும் விரதியரையும் மறையோரையும் அவள் வினவுதல், வீட்டில் நற்றாயின் புலம்பல் எனக் கதை முதன்முறையாகக் காதலரை விட்டு விலகி, விட்டுச் செல்லப்பட்டவர்களின் துயரத்தில் தங்குகிறது. ஆனால் திருக்கோவையாரைக் கதையாகப் படிப்பவர் இங்கே ஒரு சிக்கலை எதிர்கொள்வார். 249ஆம் பாடலோடு உடன்போக்கு முடிந்தபின், அடுத்து வரும் வரைவு முடுக்கத்தில் தலைவன் மீண்டும் இரவில் வந்துகொண்டிருக்கிறான். தோழி அவனை மணந்துகொள்ளுமாறு வற்புறுத்துகிறாள். ஊரைவிட்டுச் சென்றவர்கள் செல்லாதவர்களாகிவிட்டனர். இது பிழையன்று. கோவை ஒரே கோட்டில் செல்லும் கதையாக இல்லாமல், ஒரு கட்டத்திலிருந்து கதை செல்லக்கூடிய வழிகள் யாவற்றையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் வரைபடமாக இயற்றப்பட்டது. பெற்றோர் கொடுக்கப் பெறுவதும், உடன்போய்ப் பெறுவதும் ஒரே காதலின் இரு கிளைகள். இரண்டையும் பாடாமல் விடுவது இலக்கணம் தெரியாமை எனக் கருதப்பட்டிருக்கும்.

திருமணம் 299 முதல் 307 வரையுள்ள பாடல்களில் முடிந்துவிட, இன்னும் 93 பாடல்கள் எஞ்சியிருக்கின்றன. ஆங்கிலக் காதல் நாவலின் வழக்கோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் நாவலில் டார்சியின் முதல் மணவேண்டுகோளும் எலிசபெத்தின் மறுப்பும் 61 அதிகாரங்களுள் 34ஆவதில், ஏறத்தாழ நடுவில் நிகழ, மீதிப் பாதி அம்மறுப்பை மாற்றும் முயற்சியாகி, மணத்தில் கதை முடிகிறது. 1908இல் லண்டனில் தோன்றிய மில்ஸ் அண்ட் பூன் பிற்காலத்தில் உலகெங்கும் பரப்பிய காதல் நாவல்களும் இதே சட்டத்தையே பெரும்பாலும் பின்பற்றின. காதலரின் மனங்களுக்கிடையே உள்ள தடை அங்கே கதையை நடத்துகிறது. கோவையில் தலைவனும் தலைவியும் முதற்சந்திப்பிலேயே ஒருவரையொருவர் உறுதியாக ஏற்றுவிடுகின்றனர், தடைகளெல்லாம் வெளியே இருக்கின்றன. ஆகவேதான் மனங்களுக்கிடையே தடை தோன்றும் கட்டத்தைக் கோவை மணத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது.

ஓதல், காவல், தூது, வேந்தற்குத் துணைபோதல், பொருள் தேடல் என்னும் பிரிவுகள் சுருங்கிய அளவில் வந்துபோக, கடைசி 49 பாடல்கள் பரத்தையிற் பிரிவுக்கு உரியன. தலைவன் பரத்தையரிடம் சென்று திரும்புவதும், தலைவி ஊடுவதும், பாணனும் தோழியும் மகனும்கூட வாயில்களாக, அதாவது சமாதானத் தூதர்களாக நிற்பதும் இங்கே பேசப்படும். உணர்ச்சி நுட்பத்தில் இப்பகுதி சிறந்ததாயினும், கதைப்பின்னலின் நோக்கில் கோவையின் பலவீனமும் இதுவே. களவில் ஒவ்வொரு பேச்சும் நிலைமையை மாற்றியது. இங்கே தலைவி எவ்வளவு ஊடினாலும் முடிவில் கதவைத் திறந்தாக வேண்டும் என்று இலக்கணம் முன்பே தீர்மானித்துவிட்டதால், அவளது கோபத்துக்கு விளைவில்லை. ஆணின் பிரிவைக் கதைநிகழ்ச்சியாகவும் பெண்ணின் பொறுமையை அதன் தீர்வாகவும் கொண்ட ஒரு சமூக ஏற்பாடு இவ்விடத்தில் கலையின் கையைக் கட்டிவிட்டது.

13ஆம் நூற்றாண்டில் சமணரான நாற்கவிராச நம்பி இயற்றிய அகப்பொருள் விளக்கம், 252 நூற்பாக்களில் இத்துறைகளை வகை என்றும் விரி என்றும் கிளைகிளையாகப் பிரித்து ஒழுங்குபடுத்தியது. களவுக்கும் கற்புக்கும் நடுவே வரைவியல் என்று தனி இயலே வகுத்தது அதன் புதுமை. பொய்யாமொழிப் புலவர் பாடிய தஞ்சைவாணன் கோவை இவ்விலக்கணத்துக்கு இலக்கியம் போல அமைந்தது. அதன் பாட்டுடைத் தலைவன் சந்திரவாணனின் ஊர் சோழநாட்டுத் தஞ்சாவூர் அன்று, பாண்டிநாட்டில் மானாமதுரைப் பக்கத்துத் தஞ்சாக்கூர். இதன்பின் கோவை பாடுவது புலமையின் தகுதித் தேர்வு போல் ஆகி, ஊர்கள் மீதும் தெய்வங்கள் மீதும் வள்ளல்கள் மீதும் கோவைகள் பெருகின. துறைகளின் வரிசை எல்லார்க்கும் தெரிந்துவிட்டதால், அடுத்து என்ன நிகழும் என்ற ஆவல் மங்கி, இதே துறையை இவர் எப்படிப் பாடியிருக்கிறார் என்ற ஒப்பீட்டு ஆவல் அதன் இடத்தைப் பிடித்தது. இப்போக்கின் எல்லை ஒருதுறைக்கோவை. இராமநாதபுரத்து இரகுநாத சேதுபதியைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு அமிர்தகவிராயர், தலைவி நாணிக் கண்ணைப் பொத்திக்கொள்ளும் ஒரே துறையை நானூறு பாடல்களில் பாடினார். சொல்நயத்தில் அது அருஞ்சாதனை. ஆனால் நானூறு துறைகளில் நடந்த கதை ஒரே துறையில் நின்றுவிட்டது.

19ஆம் நூற்றாண்டிலும் இம்மரபு ஓயவில்லை. சங்க அகத்தொகைகள் இன்னும் அச்சேறாத காலத்தில் (கலித்தொகை 1887இலும், ஐங்குறுநூறு 1903இலும், நற்றிணையும் குறுந்தொகையும் 1915இலும்தான் அச்சாயின) தமிழ் கற்றவர்கள் அகப்பொருளை அறிந்தது பெரும்பாலும் நம்பியின் இலக்கணத்தாலும் கோவைகளாலுமே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) சீகாழிக் கோவையும், முன்சீப்பாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவையும் பாடினார். கோவைக்குப் பாட்டுடைத் தலைவராக இருந்த அதே வேதநாயகம் பிள்ளைதான் 1879இல் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். அதில் பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் மணம் முடிவது கதையின் முற்பகுதியிலேயே. பிரிவும் தேடலும், ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அரசாள்வதும், மீண்டும் கூடுவதும் அதன்பின் வருகின்றன. 1893 முதல் விவேக சிந்தாமணியில் வெளிவந்த ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரமும் மணமான தம்பதியரின் பிரிவையும் கூடலையுமே மையமாகக் கொண்டது. அக்காலத்துத் திருமண வழக்கம் மணத்துக்கு முந்திய காதலுக்கு இடம் தராதது இதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மணத்துக்குப் பின்னும் கதை உண்டு என்ற எண்ணம் இந்நாவலாசிரியர்களின் கல்வியில் ஏற்கெனவே இருந்தது. தமிழ் நாவலின் தோற்றத்தை ஆராய்வோர் ஆங்கில நாவல்களின் செல்வாக்கை எடைபோடும்போது, அந்தக் கோவைகளின் கொளுக்களையும் வரிசையாக எடுத்து வைத்துப் படித்தாக வேண்டும்.